அப்பா ஏன் அந்தப் பார்சலைப் பிரிக்க மறுக்கிறார்?

கேள்வி: "நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். பெற்றோர் கோவில்பட்டியில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும், அம்மாவுக்குத் தைராய்டு. மாதாமாதம் செயலி வழியாக மருந்து அனுப்பிவைக்கிறேன். அப்பா பார்சலைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, வழக்கமான கடையில் மறுபடியும் வாங்குகிறார். 'அதில் போலி வரும்' என்கிறார். என் அலுவலகத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஆன்லைனில்தான் வாங்குகிறார்கள். இந்த விஷயத்தில் மக்கள் ஏன் இப்படி இரண்டு பக்கமாக நிற்கிறார்கள்? யார் சொல்வது சரி?"

பதில்:

உங்கள் அப்பா பயப்படுவதில் தவறில்லை. எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்படுகிறார் என்றே நினைக்கிறேன். உங்கள் அலுவலக நண்பர்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். தள்ளுபடியையும் வேகத்தையும் பார்த்து நம்புகிறார்கள். மருந்தை நம்புவதற்கு அவை இரண்டும் ஆதாரமாகா. கடையிலும் மருத்துவமனையிலும் மருந்தாளுநராக வேலை பார்த்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதைப் பார்ப்போம். செயலியை நடத்தும் நிறுவனமும் மருந்தை விற்கும் கடையும் பல நேரங்களில் வெவ்வேறு. இந்தியாவில் மருந்தைச் சில்லறையில் விற்க உரிமம் வேண்டும். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டமும் 1945-ஆம் ஆண்டு விதிகளும் அந்த உரிமத்தை ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு, ஒரு முகவரிக்கு வழங்குகின்றன. இணையதளத்துக்கென்று தனி உரிமம் எதுவும் இல்லை. ஆகவே உங்கள் ஆர்டரும் எங்கோ உரிமம் பெற்ற ஒரு கடையிலிருந்தோ கிடங்கிலிருந்தோதான் வர வேண்டும். பார்சலுக்குள் இருக்கும் பில்லை எடுத்துப் பாருங்கள். செயலியின் பெயர் பெரிதாக இருக்கும். விற்பவர் என்ற இடத்தில் ஒரு கடையின் பெயரும் முகவரியும், அவற்றை ஒட்டிப் படிவம் 20, 21 என்று தொடங்கும் உரிம எண்களும் இருக்க வேண்டும். அந்தக் கடைதான் உங்களுக்கு மருந்து விற்றது. அந்த விவரம் பில்லில் இல்லையென்றால், எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் மறுமுறை அங்கே வாங்காதீர்கள்.

இப்போது 'போலி' என்ற சொல்லுக்கு வருவோம். போலி மருந்து இந்த நாட்டில் இல்லை என்று சொல்ல மாட்டேன். குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் புழங்கும் மருத்துவப் பொருட்களில் பத்தில் ஒன்று தரமற்றதாகவோ போலியாகவோ இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது. அந்தக் கணக்கு ஆன்லைனை மட்டும் வைத்துப் போட்டதல்ல. கடை, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். 2024-இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட மாதப் பட்டியல் ஒன்றில் பான்-டி, ஷெல்கால் போன்ற, எல்லா வீட்டிலும் இருக்கும் மருந்துகளின் சில தொகுதிகள் (ஒரே முறையில் சேர்த்துத் தயாரித்த 'பேட்ச்') தரமற்றவையாக இடம்பெற்றன. "அந்தத் தொகுதிகள் நாங்கள் தயாரித்தவையே அல்ல, எங்கள் பெயரில் யாரோ செய்த போலி" என்பது நிறுவனங்களின் பதிலாக இருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் டெல்லி போலீஸார் ஒரு கும்பலைப் பிடித்தார்கள். விலை உயர்ந்த புற்றுநோய் ஊசி மருந்துகளின் காலிக் குப்பிகளைச் சேகரித்து, வேறு மருந்தை நிரப்பி விற்ற கும்பல் அது. கைதானவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் இருந்தார்கள்.

நம் மாநிலத்திலேயே இன்னும் கொடுமையானது நடந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் 2025-இல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பரிசோதனையில் அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அது ஆன்லைனில் வந்த சரக்கல்ல. உள்ளூர் மருத்துவர் எழுதிக்கொடுத்து, உள்ளூர்க் கடையில், தெரிந்த முகத்திடம் வாங்கியது. அந்தப் பெற்றோர்கள் செய்யத் தவறியது எதுவுமில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

போலியும் தரமற்றதும் பெரும்பாலும் உற்பத்திக் கூடத்திலோ மொத்த வியாபாரத்திலோ உள்ளே நுழைகின்றன. கடைசியில் உங்கள் கைக்குத் தருபவர் தெருமுனைக் கடைக்காரரா, கூரியர் பையனா என்பதை வைத்து அது மாறுவதில்லை. கடைக்காரர் யாரிடம் கொள்முதல் செய்கிறார், பில் போட்டு வாங்குகிறாரா, தொகுதி எண்ணைக் குறித்துவைக்கிறாரா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. நல்ல கடை இதைச் சரியாகச் செய்யும். நல்ல ஆன்லைன் நிறுவனமும் செய்யும். சொல்லப்போனால் எந்தத் தொகுதி எந்த வீட்டுக்குப் போனது என்று கணினியில் தேடி எடுக்க அவர்களால் உடனே முடியும்.

ஆனால் உங்கள் அப்பாவின் சொல் முழுக்கப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் "டாக்டர் சீட்டு தேவையில்லை" என்று சொல்லி விற்கிறார்களே, அது. உடல் எடை குறைக்கும் மாத்திரை, ஆண்மை மாத்திரை, தூக்க மாத்திரை, விலையுயர்ந்த ஊசிகள் பாதி விலைக்கு என்று வரும் எதையும் தொடாதீர்கள். டேபென்டடால் போன்ற வலி நிவாரணிகளை இணையம் வழியாக மொத்தமாக வரவழைத்து, போதைக்காக மாணவர்களிடம் விற்றவர்கள் கைது என்ற செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. அதைப் படிப்பவர்கள் "ஆன்லைன் மருந்து" என்றாலே இதுதான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உரிமம் பெற்ற கடையிலிருந்து சீட்டுப் பார்த்து அனுப்பும் சேவையும், முகவரியே இல்லாத ஆள் அனுப்பும் பொட்டலமும் மக்கள் மனத்தில் ஒரே பெயரில் கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துக்காட்ட அரசு நமக்கு எதையும் தரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் ஒரு பொதுச் சின்னம் இருக்கிறது. இணையதளத்தில் அதைத் தொட்டால், அந்த விற்பனையாளர் பெயர் அரசுப் பட்டியலில் இருக்கிறதா என்று காட்டும். நம் ஊரில் அப்படி ஒன்று இருந்திருந்தால் உங்கள் வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

ஏன் இல்லை என்பது நீண்ட கதை. சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மக்களின் மனநிலை உருவானதில் அதற்குப் பங்கு உண்டு. ஆன்லைன் மருந்து விற்பனைக்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2018 ஆகஸ்டு 28 அன்று வெளியிட்டது. அவை இன்னும் இறுதி வடிவம் பெறவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் உரிமமின்றி ஆன்லைனில் மருந்து விற்கத் தடை விதித்தது. சில நாட்களில், தமிழ்நாடு மருந்து வணிகர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியும் விதிகள் வரும்வரை விற்கக் கூடாது என்றார். சில வாரங்களிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. 2023 பிப்ரவரியில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். இதற்கு நடுவில், ஆன்லைனில் மருந்து விற்கும் நிறுவனங்களில் டாடா குழுமம் 1எம்ஜி-யையும், ரிலையன்ஸ் சென்னையில் பிறந்த நெட்மெட்ஸையும் வாங்கிவிட்டன. நெட்மெட்ஸின் பெரும்பான்மைப் பங்குக்கு 2020-இல் ரிலையன்ஸ் கொடுத்தது சுமார் 620 கோடி ரூபாய். சட்டம் வாசலில் நின்றுகொண்டிருக்க, வியாபாரம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

சாதாரண மக்களுக்கு இந்த விஷயம் முதலில் எப்படித் தெரியவந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2017 மே 30, 2018 செப்டம்பர் 28 ஆகிய நாட்களில் நாடு முழுவதும் மருந்துக்கடைகள் கடையடைப்பு நடத்தின. "ஆன்லைன் மருந்து விற்பனையைக் கண்டித்து" என்று ஷட்டரில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் பலருக்கு அப்படி ஒரு வியாபாரம் இருப்பதே தெரிந்தது. போலி வரும், காலாவதியானது வரும், போதைக்குப் பயன்படும் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். அதில் உண்மையும் இருந்தது, அவர்களுடைய பிழைப்புக் கவலையும் இருந்தது. அந்தக் கவலையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சிறு ஊரில் கடன் வாங்கிக் கடை போட்டவர் பெரும் முதலீட்டோடு எப்படிப் போட்டியிடுவார்? ஆனால் மக்கள் காதில் விழுந்த முதல் குரல் ஒரு தரப்பின் குரல் என்பதை மறந்துவிடக் கூடாது. பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் 26 அன்று, உரிமம் பெற்ற கடைகள் வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அரசு அறிவித்தது. அதற்கும் நிபந்தனைகள் இருந்தன: அதே மாவட்டத்துக்குள் மட்டும், சீட்டு வேண்டும், போதை மருந்துகளும், கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1, எக்ஸ் அட்டவணை மருந்துகளும் கூடாது. ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்த பல குடும்பங்கள் முதன்முறையாகக் கைபேசியில் மருந்து வரவழைத்தது அப்போதுதான். ஒருமுறை சரியாக வந்துசேர்ந்தால் பயம் பாதி போய்விடும். நகரங்களில் மனம் மாறியது இப்படித்தான்.

சிறு ஊர்களில் அந்த மாற்றம் அதே வேகத்தில் நடக்காததற்குக் காரணம் அறியாமை என்று நகரத்துப் பிள்ளைகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. கோவில்பட்டி போன்ற ஊரில் மருந்துக்கடை என்பது மாத்திரை வாங்கும் இடம் மட்டுமல்ல. "போன மாதம் கொடுத்த அதே மாத்திரை கொடு தம்பி" என்று பெரியவர் வந்து நின்றால், கடைக்காரருக்கு அது எந்த மாத்திரை என்று தெரியும். கையில் காசு இல்லாவிட்டால் நோட்டில் எழுதிக்கொள்வார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பிரிக்காத அட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்வார். "ஏன் அண்ணாச்சி, கால் வீங்கியிருக்கிறதே, டாக்டரைப் பார்த்தீர்களா?" என்று கேட்பார். இரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் சாப்பிடுபவருக்குக் கால் வீங்குவது தெரிந்த பக்கவிளைவு. அந்தக் கேள்வியை ஒரு செயலி கேட்காது. உங்கள் அப்பா கடைக்கு நடந்துபோவது அவர் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்பதற்கான அடையாளமும்கூட. மகன் பெங்களூரிலிருந்து அனுப்பும் பெட்டி அன்பின் அடையாளம் என்று உங்களுக்குப் படுகிறது. அவருக்கு அது, 'இனி உன் மருந்தைக்கூட நீ வாங்க வேண்டாம்' என்று சொல்வதுபோல் இருக்கலாம்.

பணக் கணக்கு இன்னொன்று. கூலி வேலைக்குப் போகிறவர்கள் மாதம் முழுமைக்கும் மாத்திரை வாங்குவதில்லை. ஐந்து மாத்திரை, பத்து மாத்திரை என்று அட்டையை வெட்டித்தான் வாங்குவார்கள். ஆன்லைனில் முழு அட்டை வாங்க வேண்டும், குறைந்தபட்சத் தொகைக்கு மேல் போனால்தான் அனுப்பும் கட்டணம் இல்லை. இருபது சதவீதத் தள்ளுபடி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு அது எட்டாது. ஆன்லைன் மருந்தகத்தை நடுத்தர வர்க்கம் கொண்டாடுவதற்கும் மற்றவர்கள் கண்டுகொள்ளாததற்கும் இதுதான் பெரிய காரணம் என்பேன்.

தள்ளுபடியைப் பார்த்து 'இவ்வளவு குறைத்துக் கொடுத்தால் போலியாகத்தான் இருக்கும்' என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம், மொத்த வியாபாரிக்கு 8 சதவீதம் என்று லாபம் வைத்து விலை கணக்கிடப்படுகிறது. பட்டியலில் இல்லாதவற்றுக்கு வழக்கமாக 20-ம் 10-ம். கடைகளுக்கு நேரடியாகத் தள்ளிவிடப்படும் சில ஜெனரிக் (காப்புரிமை முடிந்து பல நிறுவனங்களும் தயாரிக்கும்) மருந்துகளில் அட்டையில் அச்சிட்ட விலை, கடைக்காரர் வாங்கிய விலையைப் போல் பல மடங்கு இருக்கும். மொத்தமாகக் கொள்முதல் செய்பவர் இடைத்தரகரைத் தவிர்த்து, தன் லாபத்தையும் விட்டுக்கொடுத்தால் 15, 20 சதவீதம் குறைக்க முடியும். வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக முதலீட்டாளர் பணத்தைச் செலவழித்துக் கொடுத்த தள்ளுபடிகளும் உண்டு. எனவே தள்ளுபடி மருந்தின் தரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை, நல்லதாகவும் கெட்டதாகவும்.

வெளியில் யாரும் பேசாத இன்னொரு காரணமும் இருக்கிறது. வெட்கம். மூலம், பால்வினை நோய், மனநல மருந்து, கருத்தடை: தெரிந்த முகத்திடம் இவற்றைக் கேட்க முடியாமல் தவிப்பவர்கள் எத்தனை பேர் என்று கடையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அவசரக் கருத்தடை மாத்திரையை மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005-இலேயே முடிவாகிவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகளில் அது இல்லை என்ற பதில்தான் இன்றும் வருகிறது. கேட்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்கும் கடைகளும் இருக்கின்றன. அந்த மாத்திரை எவ்வளவு சீக்கிரம் உட்கொள்ளப்படுகிறதோ அவ்வளவு பலன்; 72 மணி நேரத்துக்குள் என்பது கணக்கு. உள்ளூரில் கேட்க முடியாமல் ஆன்லைனில் ஆர்டர் செய்து, கூரியர் வரும்வரை காத்திருக்கும் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். தெரிந்த முகம் ஒருவருக்கு ஆறுதல், இன்னொருவருக்கு அச்சம். ஆன்லைன் மருந்தகத்தை எதிர்த்துப் பேசும் என் சகாக்கள் முதலில் தங்கள் கடையில் இந்த மாத்திரையை வைக்க வேண்டும், கேட்பவரிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும்.

ஆனால் ஆன்லைனில் வெட்கம் தப்பினாலும் இரகசியம் தப்புகிறதா என்று தெளிவாகச் சொல்ல முடியாது. ஒருவர் வாங்கும் மருந்துகளின் பட்டியலே அவருடைய நோய்களின் பட்டியல். அது ஒரு நிறுவனத்தின் கணினியில், உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண்ணோடு இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. இருந்தாலும் செயலி கேட்கும் அனுமதிகளையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. தொடர்பு எண்களின் பட்டியலையும் புகைப்படத் தொகுப்பையும் பார்க்கும் உரிமை ஒரு மருந்துக்கடைக்கு எதற்கு?

இனி, நான் உண்மையில் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஆன்லைனில் போலி வருவதைவிடத் தவறான மருந்து வருவதற்கும், சரியான மருந்து தவறாக உட்கொள்ளப்படுவதற்கும்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் அப்பாவின் அழுத்த மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். டெல்மா 40 என்று ஒன்று இருக்கிறது. டெல்மா எச் என்றால் அதோடு சிறுநீர் பெருக்கும் மருந்து சேர்ந்தது. டெல்மா ஏ.எம். என்றால் ஆம்லோடிபின் சேர்ந்தது. செயலியில் 'டெல்மா' என்று அடித்தால் இவை வரிசையாக வந்து நிற்கும். அவசரத்தில் விரல் அடுத்ததில் பட்டால், பில் சரியாக இருக்கும், மருந்து அசலாக இருக்கும், உங்கள் அப்பாவுக்கு அது தவறு. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினிலும் 500, 1000 என்று அளவும், சாதாரணம், மெதுவாகக் கரைவது என்று வகையும், கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்து சேர்ந்த கலவையும் உண்டு. கலவை மாறிப் போனால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து, தனியாக இருக்கும் பெரியவர் மயங்கி விழுவார்.

இதைத் தடுக்கத்தான் மருந்தாளுநர் என்ற ஒருவரைச் சட்டம் நடுவில் நிறுத்தியிருக்கிறது. 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது. சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய எச் அட்டவணை மருந்துகளில், சீட்டில் எழுதிய பெயருக்குப் பதிலாக, அதே மருந்து அடங்கிய வேறு பெயரைக்கூடக் கடைக்காரர் தானாகக் கொடுக்க விதிகளில் இடமில்லை. மருத்துவர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் தவிர, ஒரு சீட்டுக்கு ஒருமுறைக்கு மேல் மருந்து தரவும் கூடாது. இவையெல்லாம் நோயாளியைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டவை. எங்கே கடைப்பிடிக்கிறார்கள்? செயலிகள் பழைய சீட்டின் படத்தையே மாதக்கணக்கில் ஏற்றுக்கொள்கின்றன. சீட்டே இல்லை என்றால் அவர்களே ஒரு மருத்துவரைத் தொலைபேசியில் பேசவைத்துச் சீட்டு வாங்கித் தருகிறார்கள். சில கேள்விகளோடு அந்த உரையாடல் முடிந்துவிடுகிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகள், எந்த மருந்தை முதல் ஆலோசனையிலேயே எழுதலாம், எதை ஏற்கெனவே பார்த்த நோயாளிக்கு மட்டும் எழுதலாம் என்று பட்டியல் போட்டுத்தான் கொடுத்திருக்கின்றன. அந்தப் பட்டியலின் நோக்கத்தை இந்த அவசர அழைப்புகள் நிறைவேற்றுவதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைகள் மட்டும் ஒழுங்கா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பல கடைகளில் மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்கும், அவர் இருக்க மாட்டார். காய்ச்சல் என்று சொன்னதும் மூன்று வேளைக்கு மாத்திரைகளைப் பிரித்துக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். அதில் ஆன்டிபயாடிக் இருக்கும், பெயர் இருக்காது, காலாவதித் தேதி இருக்காது. செஃபிக்ஸிம், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்றவற்றைத் தனி எச்1 அட்டவணையில் சேர்த்து, வாங்கியவர் பெயர், எழுதிய மருத்துவர் பெயர் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. எத்தனை கடைகளில் அந்தப் பதிவேடு உண்மையாக எழுதப்படுகிறது? பில் கேட்டால் முகம் சுளிக்கும் கடையைவிட, பில்லோடு வரும் பார்சல் எனக்கு மேல். இதை என் தொழிலில் இருப்பவர்கள் விரும்ப மாட்டார்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, உங்கள் வீட்டுக்கு என்ன செய்வது?

அம்மாவின் தைராய்டு மாத்திரையை ஆன்லைனில் வாங்கலாம். அளவு நீண்ட காலம் மாறாமல் இருக்கும், குப்பியாக வரும், மூடிய முத்திரை இருக்கும். ஆனால் எந்த நிறுவனத்தின் பெயரில் சாப்பிடுகிறாரோ அதையே தொடருங்கள். 'மலிவான மாற்று' என்று செயலி காட்டுவதைத் தைராய்டு மருந்தில் தேர்ந்தெடுக்க வேண்டாம். நிறுவனம் மாறினால் இரத்தத்தில் அளவு கொஞ்சம் மாறக்கூடும், மறுபடி பரிசோதிக்க வேண்டியிருக்கும். 25, 50 என்ற எண்ணைப் பழைய குப்பியை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்சின் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்காது. சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் நாள்கணக்கில் கிடக்காமல், விரைவாக வந்துசேரும் சேவையாகப் பாருங்கள்.

அப்பாவின் மருந்தைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். மருத்துவர் அளவை அவ்வப்போது மாற்றக்கூடிய மருந்துகள் அவை. அவர் நம்பும் கடையில் அவர் வாங்கட்டும். பதிலுக்கு அவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஒவ்வொரு முறையும் பில் வாங்க வேண்டும், அதில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது ஒரு தொகுதி திரும்பப் பெறப்பட்டால் அந்த எண் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களில் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு தயாரானவற்றுக்குக் கியூஆர் குறியீடு கட்டாயம். கைபேசியில் அதைப் பிடித்து, வரும் தொகுதி எண் அட்டையில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். முழுப் பாதுகாப்பு அது அல்ல, குறியீட்டையும் நகலெடுக்க முடியும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதைவிட மேல். போலி என்று பயப்படுபவருக்குச் சரிபார்க்கும் வழியைக் கையில் கொடுத்தால் பயம் பயனுள்ளதாகிவிடும்.

செலவுதான் கவலை என்றால், தள்ளுபடிச் செயலியைவிட மலிவான வழிகள் ஊரிலேயே இருக்கின்றன. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்களும் ஜெனரிக் மருந்துகளைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. மருத்துவரிடம் கேட்டு, ஜெனரிக் பெயரில், அதாவது நிறுவனப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரில், சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு இன்சுலின் தொடங்கும் நாள் வந்தால் அதை ஆன்லைனில் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். பனிக்கட்டிப் பையை நேரடியாக ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்து இளகிய இன்சுலின் பார்வைக்கு மாறாமல் இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. குளிர்பெட்டி உள்ள கடையில் கையோடு வாங்கி, கையோடு வீட்டுக்குக் கொண்டுபோவதே நல்லது. அதேபோல் காய்ச்சல், தொற்று, திடீர் வலி இவற்றுக்கு ஆன்லைன் ஆர்டர் தீர்வல்ல. அங்கே தேவைப்படுவது மருத்துவர்.

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள். அலமாரியில் பிரிக்காமல் இருக்கும் பெட்டிகளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பியது ஒரு பெயர், அப்பா கடையில் வாங்கியது இன்னொரு பெயர். 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அப்பா அதிலும் பதிவு செய்திருந்தால் மூன்றாவதாக ஒரு மாத்திரையும் வீட்டில் இருக்கும். மூன்றுக்குள்ளும் இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம். என்றாவது ஒருநாள் வீணாகக் கூடாதே என்று அந்தப் பெட்டியையும் பிரித்துச் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவர் மேசைமேல் கொட்டச் சொல்லுங்கள். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று அவரே ஒரு தாளில் எழுதித் தரட்டும். அந்தத் தாளின் படம் உங்கள் கைபேசியிலும் இருக்கட்டும். அதன் பிறகு அடுத்த ஆர்டரைப் போடுங்கள்.